கொறேத்துக் கட்டிய ஞானசுந்தரம்

ஞானசுந்தரத்துக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும் என்று பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழரிடையே பேச்சு. தெரிந்து என்ன கிழித்தது? மட்டக்களப்பிலிருந்து வந்த நாள் தொட்டு, மொன்றியலின் கோடைத் திருவிழாக்களுக்குக் கொட்டகை போடும் போர்த்துக்கேயன் ஆர்மிந்தோவிடம்தான் அவருக்கு வேலை. பர்ராக்கா என்றால் தின்பண்டக் கடை. கொறேத்து என்றால் பாண்டு வாத்தியக்காரர் நிற்கும் கூரை போட்ட மேடை. மிச்சமெல்லாம் அதட்டல்தான். அமார்ரா, கட்டு. புஷா, இழு. டெப்ரெஸா, சீக்கிரம். 'சாப்பிட்டாயா' என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது, ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

கட்டி முடித்ததும் ஆர்மிந்தோ அவரை வேனில் ஏற்றி அனுப்பிவிடுவான். திருவிழா முடிந்தபின் பிரிக்கக் கூப்பிடுவான். தான் கட்டிய ஒரு மேடையில்கூட வாத்தியம் வாசித்து ஞானசுந்தரம் கேட்டதில்லை. மனிதனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

இந்த ஜூனில் அவருக்கு வீம்பு வந்துவிட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மனைவி சிசிலியைக் கூட்டிக்கொண்டு போர்த்துக்கேயக் கோயில் திருவிழாவுக்குப் போனார். சுட்ட சாளை மீன் வாங்கி மேசையில் உட்கார்ந்தார்.

"இண்டைக்கு நாமதான் விருந்தாளி. ஒருத்தனும் என்னை எழுப்பேலா" என்றார்.

முதல் துண்டு வாய்க்குப் போகவில்லை. கொறேத்தின் பக்கத் துணி காற்றில் அவிழ்ந்து படபடவென்று அடித்தது. கோட்டும் சூட்டுமாக ஓடிவந்த ஆர்மிந்தோவின் கண்ணில் இவர்தான் பட்டார். ஒரு வணக்கம் இல்லை. சிசிலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கயிற்றை நீட்டினான்.

"கொறேத்து! அமார்ரா! டெப்ரெஸா!"

சிசிலி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்தார். தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் ஆத்திரத்தில் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இத்தனை காலம் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே சொற்கள்தான். கயிற்றை வாங்கி ஆர்மிந்தோவின் கையிலேயே திணித்தார்.

"கொறேத்து! அமார்ரா! புஷா! டெப்ரெஸா!"

சுற்றியிருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்மிந்தோவின் முகம் சிவந்தது. துணி மறுபடி அடித்தது. வேறு வழியில்லாமல் கோட்டைக் கழற்றிவிட்டு அவனே போய்க் கட்டினான்.

"அவனிட்ட என்னங்க சொன்னீங்க?"

"அவன் எனக்குப் படிப்பிச்சதைத்தான்."

அவன் போட்ட முடிச்சுப் பிழை. இருந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது. ஞானசுந்தரத்தின் விரல்கள் பரபரத்தன. நாளைக்கு வேலை இருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. மீனை இழுத்து முள்ளெடுத்துச் சிசிலியின் தட்டில் வைத்தார்.

"தலையை நிமித்திச் சாப்பிடு" என்றார்.