பருத்திப்பட்டு என்று சொல்ல ஆகும் நேரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் நிறுவனம், மருத்துவமனைகளுக்குத் தானாகப் பேசும் தொலைபேசி வசதியைச் செய்து தருகிறது. அழைத்தால் ஒரு பெண்குரல் கேள்வி கேட்கும். நாம் சொல்லும் பதிலை ஒரு மென்பொருள் கேட்டுப் புரிந்துகொள்ளும். அந்த மென்பொருளை எங்கள் அலுவலகத்தில் 'காது' என்போம். காதுகள் குறைவு, அழைப்புகள் அதிகம். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு ப்ராக்ஸி சர்வரை வைத்திருக்கிறோம். அழைப்பு வந்ததும் அது காலியாக உள்ள ஒரு காதை எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும். அதன் விதிகளை எழுதுபவள் நான்.

அழைத்தவர் ஐந்து நொடி மௌனமாக இருந்தால் காதைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்துவிடு என்பது நான் எழுதிய விதிகளில் ஒன்று. வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவரால் மற்றவர்கள் காத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். அன்று அது நியாயமாகவே பட்டது.

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தம்பதி இருக்கிறார்கள். கணவர் ஆவடி தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறிவிட்டது. ஒரு மருத்துவமனையில் பேசப் பயிற்சி தருபவரிடம் வாராவாரம் போகிறார். அந்த மருத்துவமனைக்கு நேரம் குறிக்கும் தொலைபேசி எங்களுடையதுதான். அவருக்கு அது தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, தண்ணீர் மோட்டாரைப் போடக் கீழே இறங்கினேன். அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாமா, உங்க கம்பெனி கூட போன் சமாசாரந்தானே? அந்தப் பொண்ணு இவர பேசவே உட மாட்டேங்குது."

"நீங்களே பேசிப் புக் பண்ணலாமேக்கா."

"நான் பேசுனா கோச்சிக்கினு சாப்பிட மாட்டாரு. தானே பேசணுமாம்."

உள்ளே அவர் ஸ்பீக்கரில் போட்டு மறுபடியும் அழைத்தார். எங்கள் பெண்குரல் வணக்கம் சொல்லி, மருத்துவமனையின் நேரங்களையெல்லாம் ஒப்பித்துவிட்டு, ஊரின் பெயரைச் சொல்லுங்கள் என்றது. அவர் மூச்சை இழுத்தார். உதடு அசைந்தது. "பரு..." என்றார். நின்றார். அடுத்த எழுத்தை எடுக்கக் கழுத்து நரம்பு புடைத்தது. "...த்தி" என்று வரும்போது, பதில் கிடைக்கவில்லை, நன்றி என்று சொல்லிக் குரல் அழைப்பைத் துண்டித்தது.

அவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். மாடிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

பதிவுகளைப் பார்த்தபோது இதேபோல் பாதிச் சொல்லில் அறுந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றை இத்தனை நாளும் 'பேசாதவர்கள்' என்ற கணக்கில்தான் சேர்த்திருந்தேன். இன்னொன்றும் தெரிந்தது. அந்த நீண்ட வணக்கம் ஓடும்போதே ப்ராக்ஸி ஒரு காதை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. யாரும் பேசாத நேரத்தில் அது வீணாகக் காத்துக் கிடக்கிறது.

திங்கட்கிழமை என் டீம் லீடிடம் சொன்னேன்.

"ஒருத்தருக்காகவா மாத்தணும்?" என்றார்.

"கேள்வி முடிஞ்சப்புறம் காதைக் கொடுத்தா போதும் சார். அதுல மிச்சமாகிறதை வெச்சு இருபது நொடி வரைக்கும் காத்திருக்கலாம்."

அவர் பதிவுகளைத் திரையில் பார்த்துவிட்டு, சோதித்துப் பார்த்துப் போடச் சொன்னார். வியாழக்கிழமை போட்டோம். அழைப்புகள் எங்கும் தேங்கவில்லை.

அந்த வாரப் பயிற்சிக்குக் கீழ்வீட்டுத் தம்பதி நேராகவே பஸ்ஸில் போய் டோக்கன் வாங்கியிருந்தார்கள். அடுத்ததற்கு மறுபடி போன் செய்து பாருங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் அரைமனதாக எண்ணை அழுத்தினார். "பரு... த்தி... ப்... பட்டு." குரல் காத்திருந்தது. பிறகு, பருத்திப்பட்டு, சரியா என்று கேட்டது. ஆமாம் என்று சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. செவ்வாய் பத்தரைக்கு நேரம் கிடைத்தது.

ஐந்து நொடி விதியை எழுதியவள் நான்தான் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. சில நாள் கழித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். அக்காதான் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.