வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் ஒரு வழக்கு

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரைத்தான் பின்னால் மாட்டிக்கொண்டு திரிகிறோம். இதை நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஒரு கணினிக்கு விளங்கப்படுத்த ஆளில்லை. மனுகாவ் பக்கம் இருக்கிற ஒரு தமிழருக்கும் எனக்கும் தகப்பன் பெயர் ஒன்று, சொந்தப் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. அவர் கட்டாமல் விட்ட கார்க் கடன் என் கடன் பதிவில் வந்து குந்திக்கொண்டது. மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் ஆசைப்பட்ட வீட்டுக்கு வங்கி மோர்ட்கேஜ் கடன் தர மறுத்தது. பதிவை வைத்திருக்கும் கம்பனிக்கு எழுதி எழுதிக் கை சலித்து, கடைசியில் வழக்குப் போட்டோம்.

விசாரணைக்கு முன்பே கம்பனி இறங்கி வந்தது. அவர்கள் பிழையை அழிப்பார்கள், நாங்கள் வழக்கை மீளப்பெறுவோம் என்று எழுத்தில் இணக்கம். நீதிமன்றமும் கெடு வைத்தது. வெள்ளிக்கிழமை அலுவலகம் பூட்டுவதற்குள் மீளப்பெறும் பத்திரம் வரவேண்டும். பத்திரமும் வராமல், அவகாசமும் கேட்காமல் விட்டால் நீதிபதியே வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

கதைத்து முடித்த பிறகு சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று வளர்ந்த ஆள் நான். வியாழக்கிழமையே பேனையைத் திறந்துவிட்டேன். மனைவி பத்திரத்தை என் கைக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? பிழை இன்னும் அப்பிடியே கிடக்குது. வழக்கை எடுத்துப்போட்டு ஆரிட்டைப் போய் நிப்பியள்?"

"அவையள் எழுத்திலை தந்திருக்கினம் தானே?"

"எழுதத் தெரிஞ்சவைக்கு அழிக்கத் தெரியேல்லையோ?"

அவள் வாயில் வரும் சொல்லுகளைச் சேர்த்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளி காலை பத்தரை தாண்டியிருக்கும், கம்பனியின் வழக்கறிஞர் தொலைபேசியில் வந்தார். கையெழுத்தை உடனே அனுப்புங்கள், பதிவைத் திங்கட்கிழமை திருத்திவிடுவார்கள் என்றார் தேன் குழைத்து. நான் "ஓம்" சொல்ல வாயெடுக்க, மனைவி போனை வாங்கினாள். அவளுடைய ஆங்கிலத்தை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஐயா, எங்களுக்கு இப்ப ராகுகாலம். பன்னிரண்டு மணி வரைக்கும் கையெழுத்து வைக்கமாட்டம்."

வழக்கறிஞர் குரலைத் தாழ்த்தினார். "அது... சமய விஷயமா?"

"ஓம். கடுமையான சமய விஷயம்."

"பன்னிரண்டுக்குப் பிறகு?"

"பதிவு துப்பரவா இருந்தா கையெழுத்து. இல்லாட்டி, கம்பனி சொன்னபடி நடக்கேல்லை, அவகாசம் தாங்கோ எண்டு நீதிபதிக்கு எழுதுவம். அந்தக் கடிதத்துக்கு நாங்கள் ராகுகாலம் பாக்கிறேல்லை."

குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது. "அம்மா, யூ டோன்ட் ஈவன் பிலீவ் இன் இட்!"

உண்மைதான். எங்கள் கல்யாண எழுத்தே ராகுகாலத்தில்தான் நடந்தது. வேண்டாம் என்று தடுத்த பெரியவர்களிடம், "பதிவுகாரருக்கு அப்பதான் நேரம் இருக்காம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்து வைத்தவள் இவள்.

அதன்பிறகு மூன்று பேரும் கணினிக்கு முன்னால் இருந்தோம். மகள் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தாள். கார்க் கடன் அசையவில்லை. நான் மணிக்கூட்டையே பார்த்தேன். மனைவி வெங்காயம் உரித்தாள். பன்னிரண்டுக்குச் சற்று முன்னர் மகள் கத்தினாள். கடன் இருந்த இடம் வெறுமை! அந்தக் கார் என் பெயரை விட்டு ஓடியேவிட்டது. வழக்கறிஞரும் அழைத்து, "உங்கள் ராகுகாலம் முடிந்ததா?" என்று மிகுந்த பணிவோடு கேட்டார்.

கையெழுத்து வைத்து, நகரத்துக்குப் போய், நீதிமன்றக் கருமபீடத்தில் கொடுத்தோம். முத்திரை விழுந்த சத்தம் எனக்கு மேளச்சத்தம் போலக் கேட்டது. வெளியே வந்து, பேருந்துத் தரிப்பில் நின்ற சனம் பார்க்க மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"விடுங்கோ, வெங்காயம் மணக்குது," என்றாள்.

வங்கி பதிவை மறுபடி பார்த்தது, மோர்ட்கேஜ் கிடைத்தது. வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான். வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"இஞ்சை பாரும், இப்ப ராகுகாலம்."

"ஓம், கதவைத் திறவுங்கோ," என்றாள்.