கலியாணத்துக்கு ஒரு பாஸ்

என் கலியாண நாளன்று காலை ஆறரை மணிக்கு ரொறன்ரோவில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

மூன்று பேர் என்றால் அண்ணா, அண்ணி, நான். மோர்னிங்சைட்டில் ஆறாம் மாடியில் ஓர் அறையும் ஒரு ஹோலும் கொண்ட வீடு. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கனடாவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. குசினி மேசையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதில் பாட்டே போடாத ஒரு நிலையத்தை அண்ணா நாள் முழுக்க ஓடவிடுவார். கதை, கதை, ஒரே கதை. காலையில் வரும் அறிவிப்பாளர் ஐந்தரைக்குத் தொடங்கினால் பத்து மணிவரை வாய் மூடமாட்டார். ஊரிலுள்ளவர்கள் எல்லாம் அவருக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிப்பார்கள். குப்பை எடுக்கவில்லை, பஸ் பிந்துகிறது, பக்கத்து வீட்டுக்காரன் தன் வாசல் பனியை என் வாசலில் தள்ளுகிறான். ஊரில் ஒரு கந்தோரில் நாலு வருடம் ஆங்கிலத்தில் தட்டெழுதியவள்தான் நான். ஆனாலும் இந்த நாட்டு ஆங்கிலத்தின் வேகத்தை அந்த மனிதரின் சண்டைகளைக் கேட்டுத்தான் பிடித்தேன்.

அன்று காலை அவர் சண்டை பிடிக்கவில்லை. குரலை இறக்கி, ஒரு பட்டியலை வாசித்தார். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுள்ளன. இன்ன தொழிற்சாலைகள் மூடப்பட்டுள்ளன. பஸ்கள் ஓடவில்லை. வீதியில் இறங்க வேண்டாம் என்று பொலிசார் கேட்டுக்கொள்கிறார்கள். கால் மணிக்கு ஒரு தடவை அதையே திரும்ப வாசித்தார். யன்னலுக்கு வெளியே பனி கீழே விழவில்லை, பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டடம் இருந்த இடமே தெரியவில்லை.

அண்ணா பல் தீட்டிய வாயோடு வந்து நின்றார். "ஊரடங்கு போட்டிட்டாங்கள். பொலிஸ் ஒருத்தரையும் றோட்டிலை இறங்க வேண்டாமாம்."

எங்களுக்கு அந்த வார்த்தைகளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்: வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள். அண்ணா வந்து ஒன்றரை வருடமானாலும் இப்படி ஒரு புயலை அவரும் கண்டதில்லை. அண்ணி போய் ஹோல் விளக்கை அணைத்தா. நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். இப்போது நினைத்தால் வயிறு நோகச் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இது எனக்கு இரண்டாந் தடவை. மூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இதே மாப்பிள்ளைக்கும் எனக்கும் நாள் வைத்து, பலகாரம் சுட்டு, பந்தலும் போட்டாயிற்று. முதல் நாள் இரவு ஊரடங்கு. மாப்பிள்ளை வீடு ஐந்து மைலுக்கு அப்பால். விடியவே அண்ணா கலியாணக் கார்டையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள்ளால் பொலிசுக்கு, வீதியில் இறங்க அனுமதிப் பாஸ் வாங்கப் போனார். மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். அங்கே என்ன நடந்ததென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மாப்பிள்ளை கனடாவுக்கு வெளிக்கிட்டுவிட்டார். பந்தலைப் பிரித்த அன்று அண்ணா என் முகத்தைப் பார்க்காமல் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம்.

இந்தத் தடவை மண்டபம் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில். மாப்பிள்ளையும் ஐயரும் முதல் நாளே அங்கே ஓர் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார்கள். தாலியும் கூறைச் சேலையும் அவர்களிடம். பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை முகூர்த்தம். இரண்டு சாதகத்துக்கும் பொருந்தும் நாள் இதை விட்டால் வைகாசியில்தான் என்று ஐயர் சொல்லியிருந்தார். இன்னும் நாலு மாதம்! எனக்குப் பொறுமை என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை.

ஏழு மணிக்கு மாப்பிள்ளை போன் எடுத்தார். "வரேலாது எண்டால் என்ன செய்யிறது? பிறகு பாப்பம்" என்றார். பிறகு பாப்பமா! மூன்று வருடம் காத்திருந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? போனை வைத்த சத்தத்தில் அண்ணி திரும்பிப் பார்த்தா.

"அண்ணா, இஞ்சையும் பாஸ் குடுப்பாங்கள்தானே? கேட்டுப் பாருங்கோ."

"எங்கை கேக்கிறது? பொலிசிலையோ? எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. போய்ப் பேரைக் குடுத்து மாட்டச் சொல்லுறியோ?" அண்ணாவின் குரல் உயர்ந்தது. அகதிக் கோரிக்கை முடியும்வரை எங்களுக்குப் பொலிஸ் என்றாலே ஆகாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை மின்னியது. வானொலிக்காரர் யாரிடமும் பேர் கேட்பதில்லை. "ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா" என்பார், அவ்வளவுதான். அவரிடம் கேட்டால் பாஸ் எங்கே கொடுக்கிறார்கள் என்று சொல்லமாட்டாரா?

"உனக்கென்ன விசரே?" என்றார் அண்ணா. அதற்குள் நான் எண்களைச் சுழற்றத் தொடங்கிவிட்டேன். பதினேழு தடவையும் லைன் ஓய்வில்லை என்ற சத்தம்தான். பதினெட்டாம் தடவை ஒரு பெண் எடுத்தா. எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று படபடவென்று கேட்டா. எங்கள் போன் நம்பரையும் வாங்கினா. சொன்னேன். அவ யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னா. பிறகு, "வானொலியைக் குறைத்துவிட்டு அப்படியே நில்லுங்கள்" என்றா.

என் முறை வந்தது. தலையில் பாதிக் கொண்டை, காலில் அண்ணாவின் காலுறை, உடம்பில் பட்டுச் சேலை. அண்ணி வானொலியைக் குறைக்க மறந்துவிட்டா. நான் பேசியது சில விநாடி கழித்து மேசையிலிருந்து திரும்ப வந்தது. என் குரலைக் கேட்டு நானே பயந்து, "அண்ணி, அதை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அந்தத் தமிழும் ரொறன்ரோ முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அவரிடம் நேரே கேட்டேன். இன்று பதினொன்று பத்துக்கு மார்க்கத்தில் எனக்குக் கலியாணம். வீதியில் இறங்கப் பாஸ் எங்கே தருகிறார்கள்?

"என்ன பாஸ்?"

"ஊரடங்குப் பாஸ். பொலிசார் வெளியே போக வேண்டாம் என்றிருக்கிறார்கள். கலியாணத்துக்கென்றால் தருவார்களா? எத்தனை பேருக்குத் தருவார்கள்?"

நாலு மாதமாக நான் கேட்ட அந்த மனிதர் வாய் மூடிவிட்டார். வானொலியில் மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்கள் நாட்டில் கலியாணத்துக்குப் போகப் பாஸ் வேண்டுமா?"

"வேண்டும். போன தடவை தரவில்லை."

"அம்மா," என்றார். "இங்கே ஒருவரும் உங்களுக்குப் பாஸ் தரத் தேவையில்லை. பொலிசார் கட்டளை போடவில்லை, பனிக்குள் புதைந்து போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். உங்களைத் தடுப்பது பனி மட்டும்தான். ஆனால் சின்னக் காரில் தனியே இறங்கவேண்டாம். போனுக்குப் பக்கத்திலேயே இருங்கள்."

நான் திரும்பி அண்ணாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சும்மா சொல்லுறான்" என்றார். ஆனால் போய்த் திரைச்சீலையைத் திறந்து, வீதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். வானொலிக்கு ஒருவர் பின் ஒருவராக அழைப்பு வந்தது. ஒரு கிழவர் தன் மனைவியைப் புயலில்தான் கட்டினாராம், விடாதே பிள்ளை என்றார். விட்பியிலிருந்து ஒரு பெண், தன் வாசல் கதவே திறக்கவில்லை, இல்லாவிட்டால் தானே வந்து ஏற்றுவேன் என்றா. மார்க்கம் போகும் வீதியில் எந்தச் சந்தி அடைபட்டிருக்கிறது, எந்தச் சந்தி திறந்திருக்கிறது என்று ஆட்கள் தங்கள் யன்னலால் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். நான் ஒரு கடுதாசியில் எழுதிக்கொண்டே இருந்தேன். அண்ணி என் கொண்டைக்குப் பிளாஸ்ரிக் மல்லிகையைக் குத்திக்கொண்டே இருந்தா.

எட்டரைக்குப் போன் அடித்தது. வானொலி நிலையத்துப் பெண். கடை வளவுகளில் பனி தள்ளும் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவருடைய ட்ரக்கின் முன்னால் பனி தள்ளும் தகடு இருக்கிறதாம். மார்க்கத்துக்கு அவரே கொண்டுபோய் விடுவாராம். நான் போனை வைத்துவிட்டுத் துள்ளினேன். கீழ் வீட்டுக்காரர் தடியால் முகட்டைத் தட்டினார். தட்டட்டும்!

ஒன்பதரைக்கு வெளிக்கிட்டோம். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, அண்ணாவின் பெரிய சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ட்ரக்கில் ஏறினேன். எனக்குப் பக்கத்தில் மடியில் பலகாரப் பெட்டியோடு அண்ணி. ட்ரக் தள்ளித் துப்புரவாக்கிய பாதையில் பின்னால் அண்ணாவின் பழைய கார். சாரதி தாடி வைத்த பெரிய மனிதர். அவருக்கு என்னைவிடப் பதற்றம். எத்தனை மணிக்குள் போகவேண்டும் என்று நாலு தரம் கேட்டார். ட்ரக்குக்குள்ளும் அதே வானொலி. அறிவிப்பாளருக்குப் பதில் வரவேண்டியவர் பனியில் அகப்பட்டுவிட்டாராம், அவரே தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். மணப்பெண் கிளம்பிவிட்டா என்றார் அவர். ஒரு பெற்றோல் நிலையத்தில் பனி வாரிக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைக் கண்டு மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினார்கள். நானும் ராணி மாதிரிக் கை காட்டினேன். உண்மையாகவே சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது.

பாதி வழியில் ஒரு சந்தியில் பொலிஸ் கார் குறுக்கே நின்றது. சிவப்பு விளக்குச் சுழன்றது. ட்ரக் நின்றது. பொலிஸ்காரர் எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அண்ணி என் முழங்கையைப் பிடித்தா. பின்னால் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணா இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி காரின் சுக்கானுக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார். என் கை தானாகவே கைப்பைக்குள் போய், அகதிக் கடுதாசியை எடுத்து, யன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே நீட்டியது.

பொலிஸ்காரர் அதை வாங்கவில்லை. தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு என் கொண்டையைப் பார்த்தார், பலகாரப் பெட்டியைப் பார்த்தார். "வானொலிப் பெண் நீங்கள்தானா?" என்று கேட்டார். கடுதாசி நனைகிறது, உள்ளே வையுங்கள் என்றார். அடுத்த சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நிற்கிறது, இடப்பக்கத் தெருவால் போங்கள் என்று சாரதிக்கு வழி சொல்லிவிட்டுக் காரைப் பின்னுக்கு எடுத்தார்.

பதினொன்றேகாலுக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இருநூறு பேருக்குச் சமைத்ததற்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். கூறையை அண்ணி ஆறு நிமிடத்தில் உடுத்திவிட்டா. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. குனிந்து முடிச்சுப் போடும்போது மாப்பிள்ளை என் காதில், "காலமையிலிருந்து உம்மடை கதையைத்தான் றேடியோவிலை கேட்டுக்கொண்டிருந்தனான். பிறகு பாப்பம் எண்டது பிழைதான்" என்றார். பிழைதான் என்று நானும் சொன்னேன். தாடிக்காரச் சாரதி முன் வரிசையில் இருந்து எங்கள் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்தினார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் போட்டார்.

சாப்பாட்டு நேரம் அண்ணாவைக் காணவில்லை. வாழையிலை போட்டு, சோறும் போட்டாயிற்று. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். புயல் கொஞ்சம் அடங்கியிருந்தது. அண்ணா வேட்டிக்கு மேல் குளிர்ச் சட்டையோடு, வெறும் வீதியின் நடுவில் போய் நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தார். தலை முழுக்கப் பனி.

"எங்கை அண்ணா போனனீங்கள்? எல்லாரும் தேடுறம்."

"ஓரிடமும் இல்லை. அந்தத் தெரு முடக்கு வரைக்கும் நடந்து போட்டு வாறன்" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்தார். "ஒருத்தனும் ஒண்டும் கேக்கேல்லை."