அன்புவழிபுரத்திலிருந்து சாம்பல்தீவுக்கு ஓர் இராணியோடு

வெள்ளிக்கிழமை மாலை நான்கரை. காலையில் சாவகச்சேரியில் ஏறிய பஸ் திருகோணமலையில் இறக்கிவிட்டபோது என் இடுப்பு என்னுடையதாக இல்லை. வவுனியா வரை நின்றுகொண்டே வந்தவன் நான். முகம் கழுவக்கூட விடாமல் சிவாஜினி என்னை ஓட்டோவில் ஏற்றி அன்புவழிபுரத்துக்குக் கொண்டுபோனாள். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள். இங்கே விவசாய டிப்ளோமா மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். நானோ ஊரில் பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறவன். பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே செய்யவைக்கிற அவளுடைய முறையைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

"குமரன், ஒண்டு சொல்லிப்போட்டன்," என்றாள். "நீர் கையும் வைக்கக் கூடாது, வாயும் வைக்கக் கூடாது. இண்டைக்கு அவளுக்குச் சோதினை."

அவள் என்பது நஸ்ரின். கிண்ணியாப் பிள்ளை, இறுதியாண்டு. ஒரு வீட்டு வளவில் கிடந்த பழைய அலுமாரிக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. அந்தக் கூட்டத்தை உயிரோடு மரப்பெட்டிக்கு மாற்றி, சாம்பல்தீவில் உள்ள பயிற்சித் தோட்டத்தில் குடியேற்ற வேண்டும். அங்கே தங்கினால் நஸ்ரினுக்கு டிப்ளோமா. பறந்துவிட்டால் இன்னொரு வருடம். போன முறை அவள் கொண்டுபோன கூட்டம் விடிந்ததும் பறந்துவிட்டதாம். சிவாஜினி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாய் நின்றாள்.

வீட்டுக்காரி தவமணி அக்கா குசினி வாசலில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றார். "என்ர பிள்ளைக்குக் கண்மடல்ல குத்திப்போட்டுது. பொழுதுபட முந்திக் கொண்டு போகாட்டி நான் கொளுத்திப்போடுவன்!"

"கொளுத்தாதேங்கோ அக்கா. கொண்டு போயிடுவன்," என்றாள் நஸ்ரின்.

தேங்காய்ப் பொச்சை எரித்துப் புகை போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் தொங்கிய தேன்வதைகளை ஒவ்வொன்றாக அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினாள். எல்லாம் இராணியைப் பொறுத்தது. இராணி பெட்டிக்குள் போனால் மற்றவை தாமாகவே பின்னால் போகும். இராணி போகாவிட்டால் பெட்டி வெறும் பலகைதான்.

நாலாவது வதையை அவள் தோளுக்கு மேலாகத் திருப்பியபோது நான் கண்டேன். நீண்ட, கறுத்த உடம்போடு ஒன்று அவளுடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் விழுந்து ஊர்ந்தது. இராணி! இத்தனை வருடமாய் நான் கரும்பலகையில் கீறிய அதே உருவம். வாயைத் திறந்துவிட்டேன். சிவாஜினி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அவளும் கண்டிருக்கிறாள்! கண்டுகொண்டும் கல்லுப்போல நிற்கிறாள்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையின் ஒரு வருடம் முதுகில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு சொல் சொன்னால் என்ன?

நஸ்ரின் பெட்டியின் மூடியைப் போட்டாள். தேனீக்கள் உள்ளே போகவில்லை. வாசலில் இறங்கின, திரும்பி எழும்பின. வெயில் சரிந்துவிட்டது. தவமணி அக்கா போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினார். நஸ்ரின் அலுமாரிக்குள் தேடினாள், நிலத்தில் தேடினாள். இதற்குள் அவள் முதுகில் தேனீக்கள் ஒரு கை அகலத்துக்குத் திரண்டிருந்தன. சட்டென்று அப்படியே நின்றாள்.

"மிஸ்... இதுகள் எல்லாம் எனக்குப் பின்னாலதான் வருதுகள். அவ என்னிலதான் இருக்கிறா."

சிவாஜினி கைகளை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள். நஸ்ரின் என் பக்கம் மெல்லத் திரும்பினாள். "சேர், உங்களுக்குச் சோதினை இல்லைதானே? இந்தக் கோட்டைக் கழட்டப் போறன். பின்னால பிடிப்பீங்களா?"

நான் சிவாஜினியைப் பார்த்தேன். "அவள் கேட்டால் செய்யும். சொல்றதை மட்டும்," என்றாள்.

நஸ்ரின் முன்பக்கப் பொத்தான்களைக் கழற்றினாள். நான் காலரைப் பிடித்தேன். விரலில் ஒன்று குத்தியது. "உதறிப்போடாதேங்கோ சேர், அவ நசிஞ்சிடுவா." அடுத்ததும் குத்தியது. அம்மாவை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். கோட்டைச் சுருக்கமில்லாமல் இறக்கி, அவள் சொன்னபடி பெட்டி வாசலில் விரித்தோம். தேனீக்கள் துணியில் நடக்கத் தொடங்கின. நடுவில் இராணியும் நடந்தாள். உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் முற்றமே அமைதியானது. தவமணி அக்கா போத்தலைக் குசினிக்குள் கொண்டுபோனார்.

மாலை ஏழு. வாசலில் துணி கட்டிய பெட்டியோடு இன்னொரு ஓட்டோ. சாம்பல்தீவுக்கு ஓட்டோக்காரர் ஆயிரத்து ஐந்நூறு ரூபா கேட்டார்.

"உதுக்குள்ள என்ன தங்கச்சி?"

"தேனீ அண்ணா."

"ஐயோ முருகா! ஏலாது, இறங்குங்கோ!"

"மெதுவா ஓடினால் ஒண்டும் செய்யாதுகள். வேகமா ஓடினால்தான் பயம்."

இதைக் கேட்டபின் அவர் ஓடிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். உப்புவெளி தாண்டி, தெருவின் நடுவே மாடுகள் படுத்திருந்தன. ஒன்று திடீரென எழும்ப, அவர் பிரேக்கை அமுக்க, பெட்டி சரிந்தது. உள்ளே உறுமல். வதை அறுந்து விழுந்து இராணியை நசித்திருந்தால்? நஸ்ரின் பெட்டியில் காதை வைத்தாள். உறுமல் மெல்ல அடங்கியது. "இருக்கிறா எண்டுதான் நினைக்கிறன்," என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை, விடிந்ததும். சாம்பல்தீவுத் தோட்டத்தில் மாமரத்தின் கீழ்ப் பெட்டி. நஸ்ரின் துணியை அவிழ்த்தாள். தேனீக்கள் கூட்டமாய் வெளியே கொட்டி, சுழன்று, மரத்துக்கு மேலே எழும்பின. போச்சுது! எல்லாம் போச்சுது என்றே நினைத்தேன். நானும் சிவாஜினியும் அண்ணாந்து பார்க்க, நஸ்ரின் மட்டும் மேலே பார்க்கவில்லை. பெட்டி வாசலிலேயே கண்ணாக இருந்தாள். கனநேரம் அப்படியே இருந்தாள்.

ஒரு தேனீ வந்து இறங்கியது. பின்கால் இரண்டிலும் மஞ்சள் மகரந்தம். உள்ளே நடந்தது. பின்னால் இன்னொன்று.

"குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டு போகுதுகள் மிஸ். இனிப் போகாதுகள்."

சிவாஜினி அப்போதுதான் கைகளை முன்னுக்குக் கொண்டுவந்து நஸ்ரினின் கையைப் பிடித்தாள். சிவாஜினியுடைய இடது மணிக்கட்டில் அவளுடைய நாலு நகத்தின் தடம் ஆழமாய்ப் பதிந்து, ஓரிடத்தில் இரத்தமும் கன்றியிருந்தது. நான் பார்த்ததைக் கண்டு சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். நேற்று அவள்மேல் பட்ட கோபத்துக்கு எனக்கு வெட்கமாய் இருந்தது.

ஊருக்கு வந்தபின், திங்கட்கிழமை, என் வகுப்பில் மாங்கன்று ஒட்டும் பாடம். இத்தனை நாளும் நான் ஒட்டிக் காட்டுவேன், பிள்ளைகள் பார்த்துக் கொப்பியில் படமாய்க் கீறுவார்கள். அன்று கன்றையும் கத்தியையும் அவர்களிடமே கொடுத்தேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒட்டுக்கிளையைத் தலைகீழாய்ச் செருகினாள். என் கை தானாக எழும்பியது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குத்து வாங்கிய விரல் அரித்துத் தள்ளியது. சொறியவும் ஏலாமல் நின்றேன்.