பொன்னாடை இல்லாத கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பேராக் மாநிலத்துப் புந்தோங்கில் ஒரு கடைவரிசையின் மாடிப்படியில் பதினோரு பேர் நிற்கிறார்கள். மேலே மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. சாவி தினேஸ்வரியின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவரோ படியோரம் சாய்ந்து நின்று, பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து ஒருவருக்குப் பொறுமை போகிறது.

“சாவி யாருகிட்டங்க இருக்கு?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.” தினேஸ்வரி நிதானமாக விரலைத் துடைத்துக்கொள்கிறார். “நீங்கதானே புதுப் பொறுப்பாளருங்க? பேச வந்த ஆளு படியில நின்னா, மனசுல இருக்கிற பேச்சு பாதி அங்கயே செத்துப்போயிரும்லா.”

அதுதான் முதல் பாடம். ஒவ்வோர் ஆண்டின் நடுவிலும், பேராக்கிலுள்ள தமிழ்ப் பேச்சாளர் மன்றங்களுக்குப் புதிதாகத் தேர்வான தலைவர், செயலாளர், நேரக் காப்பாளர் எல்லாரும் இந்தப் படியில் இப்படி ஒரு முறை நின்றாக வேண்டும். எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். பயிற்சி நடத்தும் தினேஸ்வரி பேசக் கற்றுத்தருவார் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். மைக்கில் பேட்டரி இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது, பேசப்போகிறவரை எந்தக் கிழமை அழைத்து ஞாபகப்படுத்துவது (வெள்ளிதான்; புதன், வியாழன் என்றால் சாக்குத் தேட நேரம் கிடைத்துவிடும்), வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காமல் எப்படி விசாரிப்பது என்றுதான் சொல்லித்தருவார்.

நாற்காலி விஷயத்தில் மட்டும் பிடிவாதம் அதிகம். வருவார்கள் என்று எண்ணும் ஆட்களைவிட இரண்டு நாற்காலி குறைத்துத்தான் போட வேண்டும். மிச்சத்தை மூலையில் அடுக்கிவைக்க வேண்டும். “முப்பது நாற்காலி போட்டுப் பத்துப் பேர் வந்தா, எழவு வீடு. எட்டு போட்டுப் பத்துப் பேர் வந்தா, அலாமா, திருவிழா!”

மற்ற நாட்களில் தினேஸ்வரி வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். பதினோரு ஆண்டு வேலை, இரண்டு நாய்க்கடி. ஒரு வீட்டுக்கு நாற்பது விநாடி என்று கணக்கு வைத்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே நின்று “ஆயேர்! மீட்டர்!” என்று மலாயில் தண்ணீரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் பின்கட்டில் துணி காயப்போடுகிறவருக்குக்கூடக் கேட்கும். அவருக்குக் குரல் அமைந்தது அப்படித்தான். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். பேசுகிறவருக்குத் தெரியாமல் நேரம் பார்க்க அதுதான் வசதியாம்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவரும் அவர்தான்; வேலை பார்த்துக்கொண்டே படித்தது. அந்தப் படிப்பு எதற்கு உதவியது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். தனியாக மோட்டார் சைக்கிளில் போகும்போது அவரே தன்னை அதே கேள்வியைக் கேட்டுக்கொள்வதும் உண்டு.

மன்றத்துக்கு வந்த புதிதில் அவரும் பேசியவரில்லை. முதல் முறை மேடையேறி இரண்டு நிமிடம் மைக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டு இறங்கியிருக்கிறார். “மறுபடி போயிருக்கவே மாட்டேன். அடுத்த வாரம் நாற்காலி போட ஆள் இல்லன்னாங்க. அதுக்காகத்தான் போனேன்.”

இந்த ஆண்டு பயிற்சிக்கு வந்தவர்களில் தெலுக் இந்தான் மன்றத்தின் புதுத் தலைவர் சன்னாசியும் ஒருவர். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் தோட்டத்து லாரி ஓட்டியவர். தோட்டக் கோயில் நிர்வாகத்திலும் இருந்தவர். அவருடைய மன்றம் இழுத்துக்கொண்டு கிடந்தது. மாத முடிவுக்குள் எட்டு உறுப்பினர் கையெழுத்துப் போட்டுப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் கலைத்துவிடுவார்கள். கையில் இருந்தது ஏழு.

‘உங்கள் முதல் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுங்கள்’ என்று தினேஸ்வரி தாள் கொடுத்தார். சன்னாசி முத்து முத்தாக எழுதி நீட்டினார். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, விருந்தினர் உரை, துணை விருந்தினருக்குப் பொன்னாடை, வாழ்த்துரை மூன்று.

தினேஸ்வரி மணிக்கட்டைத் திருப்பிக் கணக்குப் பார்த்தார். “ஒரு மணி பத்து நிமிசம் ஆச்சுண்ணே. உறுப்பினர் யாராச்சும் வாயத் தொறந்தாங்களா?”

“கடைசில இருக்கு பாருங்க, தங்கச்சி.”

இருந்தது. ‘நேரமிருப்பின் உறுப்பினர் உரை.’

“கோயில் நோட்டீஸ்லா இது!” என்று பின்னாலிருந்து ஒருவர் சீண்டினார். “அன்னதானம் மட்டுந்தான் காணோம்!”

எல்லாரும் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை. “முப்பது வருசம் என்னய ‘டிரைவர்’னுதான் கூப்பிட்டாங்க. பேரே கிடையாது. கோயில்ல ஒரே ஒரு தடவ பொன்னாடை போட்டு, மைக்குல ‘திரு சன்னாசி அவர்கள்’னு சொன்னாங்க. அந்தத் துணி இன்னும் அலமாரில இருக்கு. நம்மள மதிக்கிறது அந்த ஒரு இடத்துலதான். அதயும் நீங்க வேணாங்கிறீங்க.”

தினேஸ்வரி தேநீர் இடைவேளையை அரை மணி முன்னாலேயே விட்டுவிட்டார். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒருவரின் மரியாதையை அல்லவா கத்தரித்துவிட்டோம் என்ற எண்ணம் இரண்டு நாளாக அவரைக் குடைந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு மீட்டரின் மூடியைத் திறந்தவர், எண்ணைக் குறிக்காமல் அங்கேயே குந்தியபடி கைப்பேசியில் சன்னாசியைக் கூப்பிட்டார்.

“அண்ணே, மரியாதைய எடுக்க வேணாம். ஆள மட்டும் மாத்துவோம். யாரு பேச எந்திரிக்கிறாங்களோ, அவங்களுக்குக் குடுங்க. துணி வேணாம். முழுப் பேரு, செய்யிற வேலை, எத்தன வருசம்னு மைக்குல சொல்லுங்க.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “போலே, ஆகட்டும். செஞ்சு பாக்கலாம்” என்றார் சன்னாசி.

எட்டாவது ஆளாகச் சிக்கியவர் நல்லம்மாள். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்பவர். போன ஆண்டு மூன்று முறை பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்து, மூன்று முறையும் நேரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். கடைசி முறை, ஊர்ப் பிரமுகர் ஒருவருக்காக ஒன்றரை மணி நேரம் எல்லாரும் காத்திருந்ததில் அவருடைய முறை காணாமல் போனது. “பேசி முடிச்சாத்தான் கையெழுத்து. இந்தத் தடவையும் இல்லன்னா என் பேர அடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, தினேஸ்வரி மோட்டாரிலேயே தெலுக் இந்தான் போனார். பதிவுப் படிவத்தில் எட்டாவது கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. பயிற்சியில் வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கிடுகிறவர், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். “நான் வாயத் தொறந்தா இது என் கூட்டம் ஆயிரும்ணே. இங்க நான் ஒரு நாற்காலி, அவ்ளோதான்.”

சன்னாசி மைக்கைப் பிடித்தார். “அடுத்து, திருமதி நல்லம்மாள் அவர்கள். இருபத்தாறு வருசமா மருந்தடிக்கிறாங்க. முதுகுல மருந்து டாங்கி, காலுக்குக் கீழ முள்ளு. வாங்க அக்கா.” கைத்தட்டல் எழுந்தது. நல்லம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

தாளைப் பார்த்துத்தான் தொடங்கினார். இரண்டாவது நிமிடத்தில் தாள் கீழே இறங்கியது. மூன்றாவது நிமிடத்தில், அந்தப் பேச்சுக்குள், வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் அவர் காலை வைத்தபோது உள்ளே ஏதோ சரசரவென்று நகர்ந்தது. பாம்பு தலையைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்துக் கூட்ட அறையின் கதவு திறந்தது.

போன ஆண்டு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த அதே பிரமுகர். யாரும் அழைக்கவில்லை, கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். பூப்போட்ட பத்திக் சட்டை, பின்னால் ஒரு உதவியாளர். அறையே பாதி எழுந்துவிட்டது. அந்த மரியாதை எல்லாருக்கும் இடுப்பிலேயே பழகிப்போனது. நல்லம்மாள் பேச்சை நிறுத்தினார். கையிலிருந்த தாளை நான்காக மடித்தார்.

தினேஸ்வரி குறுக்கிட வாயெடுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சன்னாசியின் கை தானாக மைக்குக்குப் போனது. “மாண்பு...” என்று தொடங்கியும்விட்டார். அப்போதுதான் அந்த மடித்த தாளைப் பார்த்தார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு நடந்து வந்து, பிரமுகருக்குச் சத்தமில்லாமல் ஒரு வணக்கம் வைத்தார். மூலை அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துத் தினேஸ்வரிக்குப் பக்கத்தில் போட்டு, பிரமுகரை உட்காரவைத்தார். திரும்பி நடக்கும்போதே குரல் கொடுத்தார்.

“எல்லாரும் உக்காருங்க. அக்கா, பாம்பு என்ன ஆச்சு?”

சிரிப்பு வெடித்தது. நேரக் காப்பாளர் ரதீசன், பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணத்து வழி வந்தவர், கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். “நான் நிப்பாட்டி வச்சிருக்கிறன். ரெண்டு நிமிசம் அம்பது செக்கன். இனித் தொடங்குங்கோ.”

நல்லம்மாள் மடித்த தாளைப் பிரிக்கவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துப் பாம்பின் நீளத்தைக் காட்டினார். “நான் ஓடலிங்க. டாங்கியோட ஓட முடியாது. நின்னேன். அதுவும் நின்னுச்சு.”

கடைசி வரிசையில் ஒரு கைப்பேசி அலறியது. பிரமுகர் எடுத்துக் காதில் வைத்து, “ஹலோ, ஆமா, இங்க ஒரு நிகழ்ச்சில...” என்று தொடங்கினார். முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. நல்லம்மாளின் கண்ணும் ஒரு கணம் பின்பக்கம் போய்வந்தது.

தினேஸ்வரி பார்வையை நல்லம்மாளிடமிருந்து எடுக்காமல், இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை விரித்துவைத்தார். பிரமுகர் அந்தக் கையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை அதில் வைத்தார். தினேஸ்வரி முகத்தைத் திருப்பாமலே விரல்களை மூடிக்கொண்டார்.