பட்டியலில் நான்காவது

விக்கிரமசிங்கபுரத்தில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளியில், சைக்கிள் கொட்டகையும் என் பொறுப்பில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பையன்களில் பெரும்பாலோர் பஞ்சாலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். நூற்று எண்பத்தாறு சைக்கிள்கள் நிற்கும். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எண்ணிக் குறித்துவைப்பேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வாரம் ஒரு வகுப்பு போதைப் பழக்கத் தடுப்புக்கு ஒதுக்க வேண்டுமென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நீருதான் வே இதுக்குச் சரி. பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒம்மச் சொல்ல எவனுக்கும் வாயி வராது."

சரி என்று சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நாற்பத்து மூன்று பையன்கள், வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: கரும்பலகையில் எழுதிப் போடுவது, எழுதவைப்பது, மனப்பாடம் செய்யச் சொல்வது, அடுத்த வாரம் தேர்வு வைப்பது. போதை தரும் பொருட்கள் ஏழு என்று எழுதினேன். பீடி, சிகரெட், புகையிலை ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவதாக, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். பட்டணத்துப் பையன்கள் அதை முகர்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். புதிய செய்தி என்பதால் அடிக்கோடு வேறு இட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வில் நாற்பத்தோரு பேர் ஏழையும் சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஆறாவதை விட்டிருந்தார்கள். நான்காவதை மட்டும் ஒருவன்கூட விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இதற்கிடையில் கொட்டகைக்குப் பின்னால், கால்வாய் ஓரத்துச் சுவரடியில், காலியான சொல்யூஷன் டியூப்கள் கிடக்கத் தொடங்கின. அதுவரை அந்த வருடம் முழுவதும் கண்டவை இரண்டே இரண்டு. இப்போது ஒரு திங்கட்கிழமை நான்கு, வியாழக்கிழமைக்குள் ஒன்பது. ஒவ்வொன்றையும் நாள் போட்டுக் குறித்தேன். பிறகு ஆளைத் தேடினேன்.

ஆள் கிடைத்தான். முதல் வரிசையில் உட்காரும் ஒரு பையன். இருபத்தோரு வேலை நாட்களில் ஒன்பது நாள் தாமதம். கண் எப்போதும் சிவந்திருக்கும். அவன் நோட்டை வாங்கி முகர்ந்தேன். அதே வாடை. தலைமை ஆசிரியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன வாடைலே இது?"

"சொல்யூஷன் சார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சித்தப்பா பஞ்சர் கடை வச்சிருக்காவ. விடிய அங்கன ஒட்டுப் போடுதேன்."

"கையில வாடை வரும், சரி. கண்ணு ஏன்ல சிவந்திருக்கு?"

பேசாமல் நின்றான். பேசாமல் நிற்பவனை நான் எப்போதும் குற்றவாளிக் கணக்கில்தான் சேர்ப்பேன். தலைமை ஆசிரியர் டி.சி. எழுதிவைத்தார். மறுநாள் அவன் அப்பா வந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அரசுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. வருட நடுவில் டி.சி.யோடு வருகிறவனை எந்தப் பள்ளியும் சேர்க்காது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

மாலையில் அவன் சொன்ன பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று அந்தக் கடைக்குப் போனேன். சித்தப்பா தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் ஒட்டுப் போடுதது நெசந்தான் சார். அஞ்சு மணிக்கே வந்திருவான். சங்கு ஊதுமுன்ன ஆலைக்குப் போறவங்க வண்டியெல்லாம் அவன் பாடுதான். ஆனா ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன சார் நடக்கு? சைக்கிளே இல்லாத பயலுவ வந்து சொல்யூஷன் கேக்குதானுவ."

"நீங்க குடுத்தியளா?"

"மொதல்ல குடுத்தேன். ஒட்டுப் போடத்தான் கேக்குதானுவன்னு நெனைச்சேன். பெறவு இவந்தான், 'குடுக்காதிய சித்தப்பா, சார் எழுதிப் போட்டதுல நாலாவது இதுதான்'னான்."

"மொதல்ல வந்தது என்னைக்கு?"

"ஒரு சனிக்கிழமை. பத்து நாளு இருக்கும். கடை தொறக்குமுன்னயே அஞ்சு பேரு நிக்கானுவ."

நான் பாடம் நடத்தியது அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து பாடக்குறிப்பு நோட்டையும் கொட்டகை நோட்டையும் முதல் தடவையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் என் கையெழுத்து. இத்தனை நாளும் இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறேன்.

மறுநாள் அவன் அப்பா வருவதற்கு முன்பே போய், எல்லாம் என் பாடத்தால் வந்தது என்று சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப டி.சி. ஒமக்குல்லா குடுக்கணும்."

"குடுங்க. ஆனா பரீட்சை எழுத வேண்டியவன் நானில்ல."

அவர் அதைக் கிழிக்கவில்லை. "அவன் மோந்து பாக்கலன்னு ஒமக்கு நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டி.சி.யை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "இங்கனயே கெடக்கட்டும். இன்னொரு டியூப் அங்கன கெடந்துதுன்னா, கையெழுத்துப் போட்டுருவேன்."

அன்றிலிருந்து நாளுக்கு மூன்று தடவை சுவரடிக்குப் போனேன். கொட்டகை நோட்டில் சுழி, சுழி, சுழி. இடத்தை மாற்றிவிட்டார்களோ என்று கால்வாய்ப் படித்துறை வரை போய்த் தேடினேன்.

வகுப்பிலும் பட்டியலை அழித்துவிட்டேன். மேற்கொண்டு என்ன நடத்துவதென்று தெரியவில்லை. ஒருவன் நீட்ட வேண்டும், மற்றவன் வேண்டாமென்று சொல்லிப் பழக வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. பையன்கள் நெளிந்தார்கள். பஞ்சர் கடைப் பையனை நீட்டச் சொன்னேன்.

"ஏலே, ஒருக்காதான. ஆம்பளைதான நீ? சாருக்கா தெரியப் போவுது?"

வகுப்பே சிரித்தது. எதிரே நின்றவனுக்கு வாய் வரவில்லை. இவனுக்கு எப்படி இவ்வளவு சரளமாக வருகிறதென்று என் மனம் மறுபடி குறித்துக்கொண்டது.

"சாருகிட்ட நீட்டுல" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு சிட்டிகை பொடி எடுப்பது போல நீட்டினான்.

"இந்தாங்க சார். மண்டையிடி பறந்திரும்."

ஒருவனும் சிரிக்கவில்லை. நக்கலா, நிஜமாகவே கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க சார். பின்னால கேக்கல."

இரண்டாம் தடவை சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்பது எவ்வளவு கனமான சொல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அதைப் பையன்களுக்கு இரண்டு மதிப்பெண் விடையாக வைத்திருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சுவரடியில் ஒரு டியூப் கிடந்தது. புதியது, பாதி பிதுக்கியது. சுற்றிலும் யாருமில்லை. அதைக் கையில் எடுத்தேன். அவனுடையதாக இருக்கலாம். மற்ற நாற்பத்திரண்டு பேரில் எவனுடையதாகவும் இருக்கலாம். நான்காவது என்று எழுதிப் போட்டவன் ஒருவன்தான். டியூபைச் சட்டைப் பையில், பொடி டப்பிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"இன்னைக்கு எத்தன வே?" என்றார் தலைமை ஆசிரியர்.

"சுழி."

என் சட்டைப் பையை ஒரு முறை பார்த்தார். டி.சி. மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது.

அந்தப் பையன் பரீட்சை எழுதினான். ஒவ்வொரு நாளும் அவன் உள்ளே போவதை வாசலில் நின்று எண்ணினேன். ஒரு நாள்கூடத் தாமதமில்லை. அந்த டியூப் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொட்டகை நோட்டில் அந்தத் திங்கட்கிழமைக்கு நேரே சுழிதான் இருக்கிறது. என் வாழ்நாளில் தெரிந்தே தப்பாக எழுதிய எண் அது ஒன்றுதான்.