சுருங்கி வந்த சட்டை

அடுத்த வீட்டுத் தையல்காரி தரையில் மண்டியிட்டுத் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றின் ஓரத்தில் பசை, அதன்மேல் அடுத்தது, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் வசவு.

அவள் தையல் கற்றது ஒரு மாத இதழைப் பார்த்து. நடுவில் மடித்து வரும், உடுப்பின் அளவு வரைந்த பெரிய தாளைத் துணிமேல் விரித்து, கோட்டோடு வெட்டினால் போதும். தாளில் அச்சிடுவதை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாம் செல்போனில்தான். காசு கொடுத்து வாங்குகிறவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று என்னிடம் எத்தனையோ தடவை புலம்பிவிட்டாள்.

அவள் கணவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கையை முறுக்கிச் சட்டைக்குள் நுழைத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். அதனால் இதை அவளிடம் முன்பே சொல்லி வைத்தேன். கையும் பக்கமும் திறந்து நாடாவால் கட்டும் சட்டை ஒன்று அதே இதழில் வந்திருந்தது. ஆனால் செல்போனைப் பார்த்து எப்படி வெட்டுவது? கத்தரியைக் கையில் எடுத்தால் திரை அணைந்துவிடும். விரல் பட்டால் சட்டை போய் விளம்பரம் வந்துவிடும். கடைசியில் அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை தன் ஆபீஸில் துண்டு துண்டாக அச்செடுத்துக் கொண்டுவந்தார்.

சாயங்காலம் தைத்து முடித்தாள். மாமனாரின் உடல்வாகுதானே என்று மாப்பிள்ளைக்கே போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கத்து நாடாவும் ஒன்றையொன்று எட்டவேயில்லை.

மாப்பிள்ளை குனிந்து தாளைப் பார்த்தார். மூலையில் ஒரு சின்னக் கட்டம். அது ஓர் அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும்படி பக்கத்தில் எழுதியிருந்தது. யாரும் அளக்கவில்லை.

"பேப்பர்ல அடங்கணும்னு மெஷினே சுருக்கிடுச்சு போல, அத்தை."

"அப்ப உங்க மாமாவையும் அதே மெஷின்ல விட்டு எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை."

துணியும் தீர்ந்துவிட்டது, கடையும் மூடியாகிவிட்டது. ஆஸ்பத்திரி அங்கியிலேயே கூட்டிவந்தால் என்ன, பிறகு நிதானமாகத் தைக்கலாமே என்றேன்.

"முதுகு தெரிய அவரை வாசல்ல இறக்கச் சொல்றீங்களாக்கா? தெருவே நின்னு பாக்கும். அவரு மறுபடி வெளியவே வரமாட்டாரு."

ஒட்டிய தாள்களைக் கசக்கிக் குப்பையில் திணித்துவிட்டு, படுக்கை விரிப்பு ஒன்றை அவள் உதறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால், சட்டையின் இரு பக்கமும் பூப்போட்ட பட்டை சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விழுந்த கைக்கு முதலில், நல்ல கைக்குப் பிறகு என்று மாட்டிவிட்டோம். கச்சிதமாக இருந்தது. அவர் குனிந்து பார்த்து, "பெட்ஷீட்டா?" என்று குழறினார்.

"பேசாம இருங்க," என்று நாடாவை முடிச்சுப் போட்டாள். போட்ட கையோடு கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவி, அடுத்த சட்டைக்குக் கட்டிலிலேயே அவரை அளக்கத் தொடங்கினாள்.